அத்தானின் மூக்கு

அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. அத்தான் மாட்டிக்கொண்டதற்கு அது பாதிக் காரணம். மீதிப் பாதி நான்.

அத்தானுக்குப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை. பதினோரு வருடமாகத் தரைக்குக் கீழே இருக்கும் ரெக்கார்டு அறையில்தான் இருக்கிறார். ஜன்னல் கிடையாது. கூரை வரைக்கும் இரும்பு அலமாரிகள், அவற்றில் துணியில் கட்டிய பழைய கட்டுகள். மேலேயிருந்து சீட்டு வந்தால் ஏணியில் ஏறிக் கட்டை இறக்கி, தட்டி, பிரித்துக் கொடுக்க வேண்டும். தட்டும்போது கிளம்பும் தூசி எங்கே போகும்? அத்தான் மூக்குக்குத்தான். அலுவலகத்தில் அவருக்குத் 'தும்மல் சார்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். பெயர் வைத்த மகராசர்கள் யாரும் கீழே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்ததில்லை.

மாடிக்கு மாற்றல் கேட்டு மூன்று முறை மனு கொடுத்தார். "உங்கள விட்டா எந்தக் கட்டு எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்று தலைமை அதிகாரி ஒவ்வொரு முறையும் புகழ்ந்தே கீழே அனுப்பிவிட்டார். நான்காவது மனுவில் மூக்கைக் காரணமாக எழுதினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் நான் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். மனுஷன் சாப்பிடும்போதுகூட வாயால் மூச்சு வாங்குகிறாரே என்று, நீளமான மூக்கு வைத்த சின்னக் கெண்டி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். அக்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தண்ணீரைக் கொதிக்கவைத்து, வெதுவெதுப்பாக ஆறவிட்டு, அளந்து உப்புப் போடுவாள். அத்தான் வாஷ்பேசின்மேல் குனிந்து, தலையைச் சாய்த்து, வாயைத் திறந்துகொள்வார். ஒரு நாசியில் ஊற்றியது மறு நாசி வழியே சாம்பல் நிறத்தில் வரும். முதல் நாள் உப்பு குறைந்துபோய் நெற்றிவரை எரிந்தது. இரண்டே வாரத்தில் தும்மல் நின்றது.

அப்போதுதானா மனு அசைய வேண்டும்? வியாழக்கிழமை அலுவலக டாக்டர் மூக்கைப் பார்ப்பார், தூசி ஆகாது என்று எழுதிக் கொடுத்தால் மாடி என்றார்கள்.

அத்தான் என்னைத் தேடி வந்தார்.

"வியாழன் வரைக்கும் கழுவப் போறதில்ல. உங்கக்காகிட்ட மூச்சு விட்டுடாத. டாக்டர் கேட்டா அப்படியே கொட்டிடுவா."

"கஷ்டமா இருக்குமே அத்தான்."

"நாலு நாள்தானே. மாடியில ஜன்னல் பக்கம் ஒரு மேஜை காலியா இருக்கு. வெளிய பஸ் ஸ்டாப்தான் தெரியும். எனக்கு அது போதும்."

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு, சும்மா மூக்கைச் சிந்திச் சத்தம் காட்டினார். புதன்கிழமைக்குள் பழையபடி அடைத்துக்கொண்டது. அவர் தும்மியதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டவன் நான் ஒருவன்தான்.

வியாழன் காலை அவர்கள் இருவரோடும் டாக்டரிடம் போவதற்காக நானும் வந்திருந்தேன். அக்கா கெண்டியோடு குளியலறைக்குள்ளேயே போய்விட்டாள்.

"நீங்க சரியா ஊத்திக்கறதில்ல. இந்த மூக்கோடயா டாக்டர்கிட்ட போவீங்க? குனிங்க."

"நேரமாச்சு, வேண்டாம்."

"குனிங்கன்னு சொல்றேன்ல."

அத்தான் கதவு வழியே என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லித் தடுத்திருக்க வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் என்மேல் எனக்கே எரிச்சல் வருகிறது. அக்கா இரண்டு கெண்டி ஊற்றினாள்.

டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்தார்.

"நல்லா திறந்திருக்கே. என்ன பண்றீங்க?"

அக்கா உப்பின் அளவு முதல் ஒன்றுவிடாமல் பெருமையாகச் சொன்னாள். டாக்டர் எழுதிவிட்டார்: தினமும் இரண்டு வேளை கழுவினால் இதே இடத்தில் தொடரலாம்.

தலைமை அதிகாரிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஒரே வாரத்தில் ரெக்கார்டு அறையின் மூலையில் வாஷ்பேசின் வைத்துக் கொடுத்தார். பதினோரு வருடமாகக் கேட்ட மின்விசிறி மட்டும் இன்னும் வரவில்லை.

ஒரு நாள் மதியம் கீழே இறங்கிப் போனேன். அக்கா பிளாஸ்கில் கொடுத்தனுப்பிய தண்ணீரை ஊற்றி முடித்து, அத்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்மேல கோவமா அத்தான்?"

"உன்மேல என்ன கோவம்? மூச்சு நல்லாத்தான் வருது." அலமாரிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இத்தன வருஷமா இந்த ரூம் இப்படி நாறும்னே எனக்குத் தெரியாது. எலி, பூஞ்சை, பழைய பசை, எல்லாம் இப்ப தனித்தனியா தெரியுது."

அவர் கெண்டியைக் கவிழ்த்துவைத்தார்.

"இத உங்கக்காகிட்ட சொல்லாத. ஆசையா காய்ச்சிக் குடுக்கறா."

பிறகு ஏணியை நகர்த்தி அடுத்த கட்டை எடுக்க ஏறினார்.