அய்வாஸ்லி ஆலையின் இரண்டாம் பாய்லர்

துருக்கியில் எங்கள் தெனிஸ்லி ஊரில் அய்வாஸ்லி பெயர் ஒட்டாத பொருள் எது என்று சாப்பாட்டு நேரத்தில் பந்தயம் கட்டுவோம். "மழை" என்பாள் ஒருத்தி. "பொறுடி, அதுக்கும் பேச்சு நடக்குதாம்" என்பாள் இன்னொருத்தி.

அய்வாஸ்லி, ஆறு தறியில் தொடங்கிய முதலாளிக் குடும்பம். பிறகு சாயப்பட்டறை, எங்கள் துண்டு ஆலை, மூத்த மகனுக்குச் சிமெண்ட், மருமகனுக்குப் பஸ் கம்பெனி, கடைசியாக இன்சூரன்ஸ். நாங்கள் குடியிருக்கும் வீடும் அவர்களுடையதுதான். ஊரே வளர்ந்தது என்றார்கள். வளராதது பாய்லர் அறை மட்டும். புதுக் கூடம் கட்டும்போதெல்லாம் பழைய இரண்டு பாய்லர்களிலிருந்தே இன்னொரு குழாயை இழுத்தார்கள்.

அந்த இரண்டையும் பார்த்துக்கொண்டவர் இல்யாஸ் உஸ்தா; உஸ்தா என்றால் கைதேர்ந்த மேஸ்திரி. ஆறு தறிக் காலத்து ஆள். அதிகம் பேசமாட்டார். அவருடைய ஒரே மகள் குல்ஸார் எங்களோடு மடிப்புக் கூடத்தில் வேலை செய்தாள். நாற்பத்தொரு பெண்கள். எங்கள் முதுகுக்குப் பின்னால் ஒற்றைச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டாம் பாய்லர்.

இந்த எழுபத்து நாலாம் வருஷத்தில், நோன்பு மாதம் முடியப் பதினோரு நாள் இருக்கையில், உஸ்தா இரண்டாம் பாய்லரை அணைத்து ஆறவிட்டு உள்ளே ஊர்ந்து போய்ச் சுத்தம் செய்தார். கரி எரியும் நெருப்புக்குழலின் மேல்தகடு உள்நோக்கித் தொய்ந்திருந்தது. வசந்தத்தில் அளந்தபோது ஒரு விரல் ஆழம். இப்போது இரண்டு.

எங்கள் ஆலையை நடத்துபவர் குடும்பத்தின் இளைய மகன் ஃபெரித் பே; 'பே' என்றால் ஐயா. அவரிடம் போய்ச் சொன்னார்.

"இதை இனிமே பத்த வைக்கக்கூடாது, ஃபெரித் பே. வெடிச்சிடும்."

"பாய்லர் இன்ஸ்பெக்டர் பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டாரே, உஸ்தா."

"அவர் வெளியே நின்னு பார்த்தார். நான் உள்ளே படுத்துப் பார்த்தேன்."

"ஜெர்மன்காரனுக்குச் சரக்குப் போகணும். போகட்டும், அப்புறம் பார்க்கலாம்."

உஸ்தா தலைநகர் அங்காராவில் அரசாங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. பெருநாளுக்குக் காத்திருந்தார். எங்களில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். பெருநாள் காலையில் ஆலையே வரிசையில் நின்று குடும்பத்துப் பெரியவர் ஹாஜி பாபாவின் கையை முத்தமிட்டு நெற்றியில் வைக்கும். கை நெற்றியில் இருக்கும்போது கேட்டதை மறுக்கக்கூடாது என்று எங்கள் ஆலையில் ஒரு வழக்கம். வீடு, மகனுக்கு வேலை, மனைவிக்கு ஆஸ்பத்திரி எல்லாம் அப்படித்தான் கிடைத்தன. அந்த வழக்கம் இரண்டு பக்கத்துக்கும் பொது என்பதை மட்டும் நாங்கள் நினைத்துப் பார்த்ததில்லை.

உஸ்தா குனிந்தார். வாயைத் திறக்குமுன் கிழவர் முந்திக்கொண்டார்.

"இல்யாஸ், என் மகனே. இத்தனை வருஷத்தில் எனக்கு நீ இல்லைன்னு சொன்னதில்லை. திங்கட்கிழமை ரெண்டாவதைப் பத்த வை."

கை நெற்றியில் இருந்தது. பின்னால் முந்நூறு பேர் நின்றார்கள்.

"சரி பாபா" என்றார் உஸ்தா.

"உன் பொண்ணை அன்னைக்கே ஆபீசுக்கு மாத்தச் சொல்லியிருக்கேன். அவளும் என் பேத்திதானே."

கிழவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

திங்கட்கிழமை குல்ஸாரின் மேஜை காலியாக இருந்தது. முதலில் கேலி பேசினோம். "ஆபீஸ்காரி ஆயிட்டா, இனி நம்ம சலாமுக்குப் பதில் வராது." எங்களில் மூத்தவள் முனீரே அக்கா மட்டும் சிரிக்கவில்லை. சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சூடேறிக்கொண்டிருந்தது.

"ஏன்டி, வேற யாரையாவது மாத்துனாங்களா?"

யாரையும் மாற்றவில்லை. அவளை மட்டும் ஏன் மாற்றினார்கள் என்று எங்களுக்குப் புரிந்தது. எழுந்து போகலாம், ஆனால் வேலையை விட்டால் சாயங்காலத்துக்குள் வீட்டையும் விடவேண்டும். மடித்தோம். துண்டு அடுக்குக்கு மேல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பத்து மணிக்கு குல்ஸார் வந்தாள். ஆபீஸ் உடுப்போடு, குதிகால் செருப்போடு. தன் மேஜையில் நின்று துண்டை எடுத்தாள். முனீரே அக்கா அவள் கையைப் பிடித்தாள்.

"போடி பைத்தியம். கிடைச்ச இடத்துல இரு."

"அப்பா நேத்து ராத்திரி ஒருவாய் சாப்பிடலைக்கா. ஏன்னு கேட்டேன், சொல்லிட்டாரு." பிறகு சுவரைப் பார்த்துக் கத்தினாள்: "அப்பா! நான் இங்கதான் இருக்கேன்!"

பாய்லர் இரைச்சலில் கேட்டிருக்காது. முனீரே அக்கா ஓடிப் போய் உஸ்தாவிடம் சொன்னாள். அழுத்தம் காட்டும் முள் ஏழாம் எண்ணைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்ததாம். உஸ்தா கரி அள்ளும் கரண்டியைக் கீழே வைத்தார், நீளமான இரும்பு வாரியை எடுத்தார், எரிகிற கரியை முழுக்கத் தரையில் இழுத்துப் போட்டார். சிறிது நேரத்தில் அந்தப் பாய்லரின் நீராவியில் ஓடிய ஐந்து கூடங்களும் நின்றன.

ஃபெரித் பே ஓடி வந்தபோது உஸ்தா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"எங்கப்பாவுக்கு வாக்குக் கொடுத்தியே, உஸ்தா!"

"கொடுத்தேன். பத்த வச்சேன்ல."

"இந்த ஊர்ல இனி எந்தக் கதவு உனக்குத் திறக்கும்னு நினைக்கிற?"

அது மிரட்டல்கூட இல்லை. உண்மையாகவே யோசித்துக் கேட்டதுபோல இருந்தது.

வெள்ளிக்கிழமை அப்பனும் மகளும் வீட்டைக் காலி செய்துகொண்டு இஸ்மிர் நகரப் பக்கம் போனார்கள். சனிக்கிழமை பாய்லரைப் பார்த்துக்கொள்ளச் சிமெண்ட் ஆலையிலிருந்து ஒரு இளைஞனைக் கூட்டி வந்தார்கள். நல்ல பையன், எல்லோருக்கும் சலாம் சொன்னான். தகடு எங்கே தொய்ந்திருக்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. முனீரே அக்கா சொல்லப் போனாள். பாய்லர் அறை வாசலில் புதிதாகப் போட்ட காவலன் உள்ளே விடவில்லை.

எங்களில் ஆறு பேர் வேலைக்குத் திரும்பவில்லை. மற்ற முப்பத்து நாலு பேரும், சுவருக்குப் பின்னால் அதே பாய்லர் மறுபடி எரிய, மேஜைகளைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டு மடிக்கிறோம்.