தனபால் அண்ணன் ஆயில் பார்த்த காலை

போன ஞாயிற்றுக்கிழமை ஆரணி கடைத்தெருவில் நின்றிருந்தேன். தனபால் அண்ணனின் மகள் போன் செய்தாள். “மாமா, அப்பா போயிட்டாருங்க” என்றாள்.

இன்று அவருக்காக இங்கே கூடியிருக்கும் உங்களில் பலருக்கு அவர் செய்யாறு கம்பெனி பஸ் டிரைவர். எனக்கு அதற்கும் முன்னால், ராணுவத்தில், வடக்கே ஒரு பனிமலை முகாமில் பழக்கம். பனியில் ஓடும் ஸ்னோ ஸ்கூட்டர் அவர் பொறுப்பில் இருந்தது.

அங்கே ஒருநாள் காலையில் எனக்கு மூச்சு முட்டியது. நெஞ்சில் நீர் கோத்துவிட்டது, உடனே கீழ் முகாமுக்கு இறக்க வேண்டும் என்றார் மருத்துவ உதவியாளர். மேகமூட்டத்தில் ஹெலிகாப்டர் வராது. ஸ்கூட்டரின் பின்னால் சறுக்குவண்டியைக் கட்டி என்னைப் படுக்க வைத்தார்கள். அண்ணன் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தினார். ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். அளவு கோட்டுக்கு மேலே ஏறியிருந்தது. முகர்ந்து பார்த்தார், விரல்களில் தேய்த்தார்.

“பெட்ரோல் கலந்துகினு கீது. தண்ணியாட்டம் ஓடுது. மாத்தணும்.”

“ஜல்தி! ஆள் போய்டுவான்!” என்று கத்தினார் உதவியாளர்.

“பாதி வழில எஞ்சின் பிடிச்சு நின்னுகிச்சுன்னா நாம மூணு பேரும் பனியிலதான்” என்றார் அண்ணன்.

அடியிலிருந்த போல்ட்டைக் கழற்றியதும் பழைய ஆயில் கறுப்பாக வடிந்தது. புது ஆயில் குளிரில் கெட்டியாகிக் கிடந்தது. டப்பாவை அடுப்பருகே வைத்துச் சூடாக்கினார்கள். எனக்கு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரில் காற்று குறைந்துகொண்டே வந்தது. எனக்கு நுரை கலந்த இருமல். ‘இந்த மனுஷன் என்னைக் கொல்லப் போகிறார்’ என்றே நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. போல்ட்டை முடுக்கினார், ஆயிலை ஊற்றினார், ஓடவிட்டார், மறுபடி குச்சியைப் பார்த்தார். பிறகுதான் கிளம்பினார்.

வழியெல்லாம் ஏற்ற இறக்கம். எஞ்சின் ஒரு இடத்திலும் திணறவில்லை. கீழே டாக்டர் என்னை வாங்கிக்கொண்டபோது எனக்கு நினைவு இருந்தது. பிழைத்தேன்.

இருவரும் ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பிறகு, ஒருநாள் என் வீட்டில் சாப்பிட வந்தார். “நீங்க இல்லன்னா இவரு இல்லீங்கண்ணா” என்றாள் என் மனைவி. அண்ணன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார்.

“அப்படிச் சொல்லாதம்மா. நான் ஆயில் மாத்திகினு இருக்கசொல்ல இவன் செத்திருந்தா? வண்டியப் பாத்துகினு ஆளை வுட்டுட்டான்னுதான சொல்லிருப்பாங்க? திரும்பிப் பாத்தா கை ஓடாதுன்னுதான் இவன் மூஞ்சியவே பாக்கல. இப்பகூட சில நாளு கனவுல இவன் இருமுறான்.”

கல்நெஞ்சு என்று நான் நினைத்திருந்தேன். அத்தனை நடுக்கத்தையும் உள்ளே அடக்கிக்கொண்டுதான் அந்த போல்ட்டை முடுக்கியிருக்கிறார். அவரிடமிருந்து நினைவாக நான் வைத்துக்கொள்வது, எனக்காக அவர் பட்ட அந்தப் பயத்தைத்தான்.