திங்கட்கிழமை விடுமுறை

1995 கோடையில் என் அண்ணனின் வார விடுமுறை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து திங்கட்கிழமைக்கு மாறியது. எதையும் நாள் குறித்து வைப்பது என் பழக்கம். இதைக் குறிக்காமலே நினைவிருக்கிறது.

அவர் பீனியா தொழிற்பேட்டையில், ஒரு சிறிய தொழிற்சாலையில் லேத் ஓட்டும் டர்னர். மின்சாரப் பற்றாக்குறையால் தொழிற்பேட்டைகளுக்கு விடுமுறையை நாள்வாரியாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். நீலசந்திராவில் எங்கள் வீதியில் ஒரே வீட்டில் அப்பாவுக்கு வெள்ளி, மகனுக்குச் செவ்வாய். நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்க்கிறவர்கள் பஞ்சாங்கத்தோடு தொழிற்சாலை லீவையும் சேர்த்துப் பார்த்தார்கள். அண்ணனுக்கு வாய்த்தது திங்கள். நாங்கள் போகும் நூலகத்துக்கும் திங்கள்தான் விடுமுறை.

"இதுக்குப் போயா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கறீங்க?" என்று அண்ணி கேட்டார். ஆனால் அவருக்கும் தெரியும். அண்ணன் தபால் வழியில் பொறியியல் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார். இயந்திர வடிவமைப்புத் தாள் ஒன்றுதான் பாக்கி. அதில் தேறிவிட்டால் சூப்பர்வைசராக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார். அதற்கு வேண்டிய தடித்த ஆங்கிலப் புத்தகம் கப்பன் பூங்கா நூலகத்தில் இருந்தது. வீட்டுக்குத் தரமாட்டார்கள், அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். ஞாயிறுதோறும் கதவு திறக்கும்போதே அண்ணன் உள்ளே நுழைந்துவிடுவார். அவரைப் போல இன்னும் சிலர் வருவார்கள். நகத்தில் கிரீஸ் கறை போகாதவர்கள். தாள் அழுக்காகிவிடக் கூடாதென்று விரலை மடக்கி, முட்டியால் பக்கத்தைத் தள்ளுவார்கள்.

மாற்றம் வந்த முதல் திங்களன்று, பூட்டியிருக்கும் என்று தெரிந்தும் பழக்கத்தில் கிளம்பிவிட்டார். நானும் லீவு போட்டுக் கூடப் போனேன். கதவு பூட்டியிருந்தது.

"இவத்து ரஜா சார், இன்னிக்கு லீவு, நாளைக்கு வாங்க" என்றார் காவலாளி, பாதி கன்னடத்தில்.

"நாளைக்கு இங்க வந்தா எங்க மேஸ்திரி எனக்கு நிரந்தரமா ரஜா குடுத்துடுவான்."

காவலாளி சிரித்தார். கொஞ்ச தூரம் நடந்து மியூசியத்துக்குப் போனோம். அதுவும் பூட்டு. வேலிக் கம்பி வழியாக, முற்றத்தில் நின்ற பழைய நீராவி இன்ஜினைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். "பாரு, அதுக்கும் இன்னிக்குத்தான் லீவு" என்றார்.

அடுத்த ஞாயிறு முதல் அவருக்குப் பதில் நான் போனேன். நான் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் எழுத்தர். வரலாறு, நாவல், பயணக் கட்டுரை எது கிடைத்தாலும் படிப்பேன். இயந்திரம் மட்டும் புரியாது. புரியாமலே பக்கம் பக்கமாகப் பார்த்து எழுதினேன். நகலெடுக்க அங்கே அப்போது வசதி இல்லை. எழுத்தைவிடப் படங்கள்தான் தொல்லை.

"என்னடா இது, இட்லியா?"

"பல்சக்கரம்ணா."

"பல்லு எங்க?"

"வரையறதுக்குள்ள மணி அடிச்சிட்டாங்க."

"பொக்கை வாய்ச் சக்கரம்" என்று அடுப்படியிலிருந்து அண்ணி சொன்னார். அண்ணன் பென்சிலை எடுத்து ஒவ்வொரு பல்லாக வைத்தார்.

புத்தகம் பெரியது, எனக்கிருந்ததோ வாரத்தில் ஒரு நாள். அவருக்குத் திங்களிலும் ஜெனரேட்டர் போட்டுப் பாதி நாள் ஓவர்டைம் வந்தது. "பாதிதான் முடிஞ்சிருக்கு, அடுத்த தடவை எழுதறேன்" என்று பரீட்சையை ஒருமுறை தள்ளினார். பிறகு மறுபடியும் தள்ளினார். 1998இல் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அவர் ஓட்டிய லேத்தைப் பழைய இரும்பாக எடை போட்டு ஏற்றிப் போனதைக் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்ததாகச் சொன்னார்.

எனக்குள் ஓர் அற்ப ஆசை இருந்தது. இனி எல்லா நாளும் நூலகம் போகலாமே, அந்தத் தாளை முடித்துவிடுவார் என்று நினைத்தேன். ஒரு செவ்வாயன்று அவரோடு நானும் போனேன். செய்தித்தாள் படிக்கும் பக்கம் நிறைந்திருந்தது. வேலை போனவர்கள் காக்கிச் சட்டையும் டிபன் டப்பாவுமாக, ஷிப்டுக்குப் போகிற நேரத்துக்கே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அண்ணனுக்கு அவர்களில் பலரைத் தெரிந்திருந்தது. தலையசைத்துவிட்டு அவர்களோடு உட்கார்ந்தார். அப்போதுதான் அவர் தினமும் அங்கே வருகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

நான் போய் அந்தப் புத்தகத்தை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன்.

"ரெண்டே அத்தியாயம்தாண்ணா இருக்கு."

திறந்தார். ஒரு படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு மூடினார்.

"சூப்பர்வைசர் ஆயி யாரைடா மேய்க்கிறது?" என்றார். பக்கத்திலிருந்தவர் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. "எனக்கு நாப்பது தாண்டிடுச்சு. இப்ப சின்னப் பசங்க இதெல்லாம் கம்ப்யூட்டர்ல வரையறாங்க. கொண்டுபோய் வச்சிடு."

கொண்டுபோய் வைத்தேன். அதை எடுத்த இடம் அலமாரியில் அப்படியே இடைவெளியாக இருந்தது.

2000இல் ஹோசூர் ரோட்டில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் அவருக்குக் காவல் வேலை கிடைத்தது. நீல உடுப்பும் கேட்டருகிலேயே தங்க ஓர் அறையும் கொடுத்தார்கள். ஒரு நாள் அண்ணியையும் அழைத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போகலாமென்று, போன் செய்து என்றைக்கு லீவு என்று கேட்டேன்.

"என்னிக்கு வேணா வாடா" என்றார். "கேட்லதான் இருப்பேன்."