அப்பாவுக்குக் காய்ச்சல்

பி.எட். செமினாருக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு வனுவாட்டு. பசிபிக் கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகளாலான குட்டி நாடு. மொழிகளோ நூற்றுக்கு மேல். குழந்தை வீட்டில் தன் தீவின் மொழியைப் பேசும், சந்தையில் பிஸ்லாமா என்ற பொதுமொழி பேசும், பள்ளியில் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ படிக்கும். வகுப்பில் வாய் திறக்கவே பயப்படுமே என்று அந்தப் பிள்ளைகளுக்காக நான் துடித்தேன். பார்ப்பவர்களிடமெல்லாம் அதே பேச்சு.

"நம்ம அனந்தபுரத்துலேருந்து அங்க பஸ்ஸு இருக்குதாடி?" என்றார் அம்மா.

அதே சமயம் செஞ்சியில் ஒரு பள்ளியில் எனக்குக் கற்பித்தல் பயிற்சி. ஆறாம் வகுப்பு. எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி வெள்ளிக்கிழமை வராமல், திங்கட்கிழமை விடுப்புக் கடிதத்தோடு வந்தாள். அப்பாவுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனேன் என்று எழுதியிருந்தாள். வகுப்பாசிரியை அதை வாசித்தபோது என் வாய் சும்மா இருக்கவில்லை.

"மேடம், வெள்ளிக்கிழமை அவங்க அப்பாவோட ஷேர் ஆட்டோலதான் நான் வந்தேன். நல்லாத்தான் இருந்தாரு."

"இன்னாடி, நல்லா இருக்குற மனுசனுக்குக் காய்ச்சல் வர வச்சிட்டியா?" என்று அவளிடம் திரும்பினார் ஆசிரியை.

வகுப்பு சிரித்தது.

"ஆட்டோ ஓட்டுறது நைனா மேடம். அப்பாவுக்குத்தான் காய்ச்சல்."

"ஓகோ, உனக்கு ரெண்டு அப்பாவா?"

"ஒரு அப்பா, ஒரு நைனா."

இந்த முறை பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். அவள் தலை குனிந்தாள். "பொய் சொன்னதுக்கு மன்னிப்பு எழுதி, அப்பன் கையெழுத்தோட வா. அதுவரைக்கும் உள்ள வராத" என்றார் ஆசிரியை.

மதியச் சாப்பாட்டின்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் கூட்டுக் குடும்பம். பெற்றவர் நைனா; ஒரே வீட்டில் இருக்கும் பெரியப்பாதான் அப்பா. வனுவாட்டுத் தீவுகள் பலவற்றில் தகப்பனின் உடன்பிறந்தவர்களையும் தகப்பன் என்றே அழைப்பார்கள் என்று படித்து, மஞ்சள் மையில் கோடு போட்டு வைத்திருந்தவள் நான். என் வீட்டிலும் நைனாதான். கல்லூரியில் மட்டும் 'எங்க டாடி' என்பேன்.

ஓடிப்போய்ச் சொன்னேன். "மேடம், அவங்க வீட்ல பெரியப்பாவத்தான் அப்பான்னு கூப்புடுறாங்க."

"அப்ப பெரியப்பான்னு எழுத வேண்டியதுதான? லெட்டர்ல அப்பான்னா அப்பாதான்."

"தப்புன்னா திருத்தலாம் மேடம். பொய்யின்னு ஏன்…"

"நீதானம்மா ஆட்டோல பாத்தேன்னு சொன்ன? ட்ரெயினிங்குக்கு வந்த புள்ள, டென்ஷன் பண்ணாத."

செவ்வாய்க்கிழமை மன்னிப்புக் கடிதம் இல்லாமல் வந்த அவள் வகுப்புக்கு வெளியே பையோடு நின்றாள். உள்ளே நான் பாடம் நடத்தினேன். உள்ளே கூப்பிட எனக்கு அதிகாரமில்லை. அதிகாரமில்லை என்று சொல்லிக்கொள்ள நாக்கூசியது. பிற்பகலில் கல்லூரியில் செமினார். வீட்டு மொழியில் கல்வி ஏன் வேண்டும் என்பதை ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்றார்கள். பேசினேன். கைதட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை ஆட்டோவில் அவள் நைனா கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"மிஸ்ஸு, எம் பொண்ணு பொய் சொல்லிச்சாமே? கையெழுத்து கேட்டுச்சு, போட்டுக் குடுத்துட்டேன்."

"பொய் இல்லண்ணா. நான்தான் புரியாம வாய வுட்டுட்டேன்."

"டீச்சராண்ட சொல்லலியா?"

"சொன்னேன். கேக்கல."

"எங்க அண்ணனுக்கு மட்டும் தெரிய வேணாம். அவருதான் அதத் தூக்கி வளர்த்தாரு. தன்னாலதான் புள்ள வெளியில நின்னுச்சுன்னு சோறு துன்ன மாட்டாரு."

பள்ளியில் ஆசிரியை மன்னிப்புக் கடிதத்தை வாங்கினார். 'அப்பாவுக்குக் காய்ச்சல் என்று பொய் சொன்னேன்.' ஒரு எழுத்துப் பிழை இல்லை. "ம், போய் உக்காரு" என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்குப் போனார்.

நான் கரும்பலகைக்கு முன்னால் போய் நின்றேன். "எல்லாரும் கேளுங்க. இவ பொய் சொல்லல. தப்பாச் சொன்னது நான்."

யாரும் சிரிக்கவில்லை. அவள் நிமிராமல் நோட்டைப் பிரித்தாள்.

"வுடுங்க மிஸ். அதான் உள்ள வந்துட்டேன்ல."