பெயர் எழுதிய குப்பி

கறுப்புப் படத்தில் வரிசையாகச் சில வெள்ளைக் கோடுகள், அவற்றில் ஒன்று மட்டும் பளிச்சென்று. அந்தக் கோடு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இரண்டாயிரம் பிறந்த புதிது. சாமைச் சோறு சாப்பிட்டு வளர்ந்தவர்களின் குடலில் நார்ச்சத்தைச் செரிக்கும் பாக்டீரியாக்கள் எவை என்று தேடிக்கொண்டிருந்தோம். பாக்டீரியாவின் மரபணுத் துணுக்கைப் பல மடங்கு பெருக்கி, இருக்கிறதா இல்லையா என்று காட்டும் கருவி எங்கள் ஆய்வகத்துக்கு அப்போதுதான் வந்திருந்தது. பளிச்சிட்ட கோடு, மாட்டின் வயிற்றில் வைக்கோலை உடைக்கும் பாக்டீரியாவுடையது. அந்த மல மாதிரி இருந்த குப்பியின் மேல் எழுதியிருந்த பெயரோ கொல்லிமலையில் எடப்புளி நாடு என்ற ஊரைச் சேர்ந்த அக்கா ஒருவருடையது.

பேராசிரியர் படத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "மலை ஏறினியா, இல்ல அடிவாரத்துக் காரவள்ளியிலயே ஏதாவது தொழுவத்துல அள்ளிட்டு வந்துட்டியா?" என்றார். அவருக்கு யாரையும் நம்பத் தெரியாது. உதவியாளர்கள் நாங்கள் ஆளை மாற்றி ஏமாற்றிவிடுவோம் என்று, ஒவ்வொரு குப்பியிலும் மலம் கொடுத்தவரின் முழுப் பெயரை எழுதவைத்தவர் அவர். ஒரு வாரத்தில் சரியான மாதிரி வராவிட்டால் வேலைக்கு வர வேண்டாம் என்றார். எனக்கு அக்கா மேல்தான் ஆத்திரம். குப்பியைக் கொடுத்துவிட்டு மறுநாள் காலையில் வாங்கி வந்திருந்தேன். குப்பியில் இருக்கும் பதப்படுத்தும் திரவத்தில் கலக்கிவிட்டால் எது எதென்று கண்ணுக்குத் தெரியாது. அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் வாந்தி எடுத்துக்கொண்டு ஏறிப் போனவளை இப்படிக் கவிழ்த்துவிட்டாரே என்று மறுபடி மலைக்குப் போன பஸ் பயணம் முழுக்கக் குமைந்தேன்.

அக்கா மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். கேட்டதும் மழுப்பவில்லை. "ஆமா கண்ணு, மாட்டுச் சாணிதான். எம்பேர எழுதி, எம்பட ஒடம்புல இருந்து வந்தத எடுத்துட்டுப் போற. அது யாரு கைக்குப் போவுது, என்ன பண்றாங்கன்னு நான் எங்க வந்து பாக்கறது? செய்வினை வெக்கறவனும் இந்த ரெண்டத்தான கேக்கறான்?"

செய்வினையெல்லாம் பொய் என்று அடித்துச் சொன்னேன். என் வேலை போய்விடும் என்று அழாத குறையாகக் கெஞ்சினேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பொய்யின்னா ஒண்ணு பண்ணு. உம்பேர எழுதி, உன்னோடத எங்கூட்ல வெச்சுட்டுப் போ. நானும் தாரேன்."

பையில் குப்பிகள் இருந்தன. பேனாவும் இருந்தது. என் பெயரில் முதல் எழுத்தைப் போட்டேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. இதை வைத்துக்கொண்டு இவர் என்ன செய்வாரோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. படித்தவள் என்ற திமிர் அங்கேயே இறங்கிப்போய், வெட்கம் பிடுங்கித் தின்றது. அக்கா சிரிக்கவில்லை. "எனக்கும் அப்படித்தாங் கண்ணு இருந்துச்சு" என்றார்.

வெறுங்கையோடு ஊர் திரும்பி, நடந்ததை ஒன்று விடாமல் பேராசிரியரிடம் சொன்னேன். நல்ல கதை என்றார். "அவ கேட்டதக் குடுத்து வாங்கிட்டு வர வேண்டியதுதானே?"

காலிக் குப்பி ஒன்றை அவர் மேசையில் வைத்தேன். "நீங்க குடுங்க சார். உங்க பேர எழுதி நாளைக்கே கொண்டுபோய் அக்கா வீட்டுல வெச்சுட்டு வாரேன்."

அவர் குப்பியைப் பார்த்தார், பிறகு கதவைப் பார்த்தார். பேனாவை எடுக்கவே இல்லை. என் வேலை போயிற்று. அடுத்து மலைக்குப் போன குப்பிகளில் வெறும் எண்கள்தான் இருந்தனவாம்.