வீட்டுக்குள் எடுக்காத பாட்டு

எனக்கு எழுபத்தெட்டு வயசு. பெற்றது நாலு, வளர்த்தது அஞ்சு. அஞ்சாவது, என் மூத்த மகள் கைக்குழந்தையாக விட்டுவிட்டுப் போன பேத்தி. நாஞ்சில் நாட்டிலிருந்து கல்யாணமாகி, மலையாளம் பேசுகிற ஊரான இந்தக் கரமனைக்கு வந்தவள் நான். மூணாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் பாட்டுக் கட்டுவதில் என்னை மிஞ்ச எங்கள் பக்கத்தில் ஆளில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை.

எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து ஒரு புத்தகம் போடுகிறார்கள். கவிதை, கட்டுரை, சிறுகதை எல்லாம் கலந்து. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டீச்சர் ஒருத்தி முன்னால் நின்று நடத்துகிறாள். அந்த மூத்த மகள் இறந்தபோது நான் கட்டி அழுத ஒப்பாரியைப் புத்தகத்தில் போட அவள் கேட்டாள். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி எடுக்கக்கூடாது. அதிலும் பேத்தி இப்போது ஏழு மாசம் முழுகாமல் இருக்கிறாள். அதனால் டீச்சரை ஆற்றுப் படித்துறைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பாடினேன். அவள் போனில் பிடித்துக்கொண்டாள். குளித்துவிட்டுத்தான் வீட்டுப் படி ஏறினேன்.

போன வாரம், அச்சுக்கு முன்னால் திருத்திப் பார்க்கும் தாள்களை டீச்சர் எங்கள் வீட்டுக்கே கொடுத்தனுப்பிவிட்டாள். நான் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். முன்னறையில் பேத்தி உரக்கப் படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவள், தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். இரண்டு வரி காதில் விழுந்ததும் என் கை நின்றுவிட்டது. வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, தன் அம்மை செத்ததற்கு அழுத பாட்டைப் படிக்கிறாள்.

மருமகள் ஓடிப்போய்த் தாளைப் பிடுங்கினாள். "எடீ, இது என்னாண்ணு தெரியுமா உனக்கு?"

"தாலாட்டுண்ணு நெனச்சேன் மாமி. தொட்டில் வருதே!"

"தொட்டிலும் வரும், தூக்கிட்டுப் போறதும் வரும். அத்தை, நீங்களே சொல்லுங்க இவகிட்ட!"

சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. சாயங்காலம் வயிறு கல்லாக இறுகி வலி. ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோ பழவங்காடிக் கோயிலைத் தாண்டும்போது மருமகள் பிள்ளையாரைக் கும்பிட்டாள். டாக்டர் பார்த்துவிட்டு, "இப்போ குழப்பமில்ல அம்மே, பயப்படாண்டாம். ஆனா இவ எழும்பி நடக்காண்டாம்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மருமகள் என்னிடம் சொன்னாள். "அந்தப் பாட்டு வந்தா, அந்தப் புத்தகம் இந்த வீட்டுக்குள்ள வரப்படாது. பிள்ளைக்கு ஒண்ணு ஆனா யாரு பதில் சொல்லுகது?"

டீச்சரைக் கூப்பிட்டேன். "ஆச்சி, அதை எடுத்தா மிச்சம் இருக்கது பூரா நிலாவும் மழையும்தான்!" என்று போனிலேயே தலையில் அடித்துக்கொண்டாள்.

படுத்திருந்த பேத்தி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "போட்டோவில கூட அம்மைக்க முகம் தெளியல்ல. பாட்டையும் எடுத்துக் களஞ்சா நான் அம்மையை எங்க போய்ப் பாக்க, ஆச்சி?"

பாட்டைப் போட்டால் பிள்ளைக்குப் பயம். எடுத்தால் என் மகள் இன்னொரு தடவை போய்விடுவாள்.

யோசித்தேன். விலக்கு ஒப்பாரிக்குத்தான். செத்தவளைப் பற்றிப் பேசுவதற்கு எந்த வீட்டிலும் விலக்கில்லை. டீச்சரிடம் சொன்னேன்: "பாட்டை எடு. அந்த இடத்துக்கு நானே கட்டுரை எழுதித் தாறேன். ஒரு நாள் பொறு."

உட்கார்ந்து எழுதினேன்: என் மகள் மாநிறம். ஆறு கலங்கி வரும்போதும் அக்கரைக்கு நீந்துவாள். அடித்தும் பார்த்தேன், நிற்கவில்லை. சாம்பாரில் முருங்கைக்காயை எல்லாம் பொறுக்கித் தின்றுவிட்டுத் தம்பிமேல் பழி போடுவாள். கோபம் வந்தால் இடது புருவம் மட்டும் ஏறும். பேத்திக்கும் அப்படித்தான். இவளை வயிற்றில் வைத்துக்கொண்டு, பச்சை மாங்காய்க்கு ஆசைப்பட்டு, கொட்டுகிற மழையில் சாலைக் கடைத்தெருவுக்கு நடந்தே போனவள்.

பேத்திக்கு வலி இன்னும் விட்டுவிட்டு வருகிறது. மருமகள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

இந்தா மக்ளே, எழுத்து கோணலாத்தான் இருக்கும். படிச்சுக் காட்டு. உங்க மாமியும் கேக்கட்டும்.