ஆணியில்லாத நாற்காலி

என் மனைவிக்கு எட்டாம் மாதம் நடந்தபோது அவளுக்கு ஓர் ஆடும் நாற்காலி செய்யத் தொடங்கினேன். இடுப்பு வலியில் படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஃபிட்டர் வேலை. ஷிப்ட் முடிந்து வந்ததும் உளியைக் கையில் எடுத்துவிடுவேன்.

மரம், ஊத்துக்கோட்டையில் இடித்த ஒரு வீட்டின் தேக்கு வாசல்நிலை. அதைப் பார்த்ததுமே மாமியார் சொல்லிவிட்டார்: "மாப்ள, புள்ளத்தாச்சி கீற ஊட்டுல ஆணி கீணி அடிக்காதீங்க."

இந்த மாதிரிப் பேச்செல்லாம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ஆனாலும் சரியென்று தலையாட்டினேன். மூன்று வருடத்துக்கு முன் காலண்டர் மாட்டச் சுவரில் ஓர் ஆணி அடித்தேன். மறுநாள் ஸ்கேனில், வயிற்றிலிருந்த ஏழு மாதக் குழந்தைக்கு உயிர் இல்லை என்றார்கள். மாமியார் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதனால் ஆணியே வேண்டாமென்று, ஒரு கட்டையின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி இன்னொன்றின் துளையில் செருகும் பழைய முறையில் இறங்கினேன். இரும்பு வேலை செய்த புத்தி போகுமா? வெர்னியரால் அளந்து மயிரிழை பிசகாமல் செதுக்கினேன். மழை ஈரத்தில் மரம் உப்பி ஒரு கழுந்தும் உள்ளே போகவில்லை. என்னையே திட்டிக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி இழைத்தேன். நாள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் கழுந்து கழலாமலிருக்க மூட்டுக்கு மூட்டு மூங்கில் முளை இறக்க வேண்டும். அதைச் சுத்தியால் அடித்துத்தான் இறக்க முடியும். இதை நான் யோசிக்கவே இல்லை. மூங்கில்தானே, ஆணியா என்ன என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். கை எழவில்லை. இரண்டு நாள் முளையைத் துளையில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன்.

மூன்றாம் நாள் என் மனைவி வந்து நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அடி."

"வேணாம். பொறந்தப்பறம் பாத்துக்கலாம்."

"அன்னிக்கு நீ ஆணி அடிக்கிறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே அசைவு நின்னுபோச்சு. பயந்துகினு நான்தான் யார்கிட்டயும் சொல்லல."

மூன்று வருடம். எனக்கு வந்த கோபத்தில் சுத்தியை வீசியிருப்பேன். அவள் முகத்தைப் பார்த்தேன். என்னாலாவது ஓர் ஆணியின்மேல் பழியைப் போட முடிந்தது; அவளுக்கு அதுவும் இல்லை.

"இப்ப அசையுதா?" என்றேன்.

என் கையை இழுத்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். உள்ளே உதைத்தது.

அடித்தேன். முதல் அடிக்கு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நானும்தான்.